பெரிய வெள்ளியில் மிஸ்ஸி போட மறுத்த மருந்து

அந்த ஆசுப்பத்திரி வாட்டில் அந்த நேரம் யார் யார் இருந்தார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். சாட்சி என்றால் கண்டவர்கள் வேண்டும்.

முதலாவது நான், சவிரிமுத்து. முல்லைத்தீவுக் கரையில் பிறந்தவன். இடம்பெயர்ந்து முள்ளியவளைப் பக்கம் கொட்டில் போட்டு, களப்பில் இறால் பிடித்துச் சீவிக்கிறவன். வலது முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து கட்டிலில் கிடந்தேன்.

இரண்டாவது என் மனைவி திரேசம்மா. தலைமாட்டில் நின்றாள்.

மூன்றாவது யோக்கீன். அவளுடைய தம்பி. என் காலைப் பிடித்தபடி கால்மாட்டில் நின்றான்.

நான்காவது பக்கத்துக் கட்டில் நல்லதம்பி அண்ணை. யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து கிளிநொச்சியில் குளத்துத் தண்ணீரில் வயல் செய்கிறவர். சைவர். குதிக்காலில் ஆறாத புண்.

ஐந்தாவது அந்த வாட்டின் தாதி. நாங்கள் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம்.

ஆறாவது டொக்டர். முழு ஆசுப்பத்திரிக்கும் அவர் ஒருவர்தான். வருவார், போவார், திரும்ப வருவார்.

ஆறு பேர். ஏழாவதாக ஒருவர் இருந்தார். அவரை ஒருவரும் காணவில்லை. அவர் செய்ததைத்தான் எழுதுகிறேன்.

தொண்ணூற்றெட்டாம் ஆண்டு. பெரிய வெள்ளிக்கிழமை. மத்தியானம் இரண்டு மணி.

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவன். அலங்காரமாக எழுத வராது. ஆனால் இதைச் சந்தோசத்தோடு எழுதுகிறேன்.

அதற்கு முந்திய மார்கழியில் என் மகள் றெஜினாவுக்கு மூளை மலேரியா வந்தது. பன்னிரண்டு வயது. மூன்று நாள் கண் திறக்கவில்லை. நான் கோயிலுக்குப் போய் மணலில் முழங்காலில் இருந்தேன். ஆண்டவரே, பிள்ளையைத் தாரும் என்றேன். தந்தால் மூன்று வருடத்துக்கு, பெரிய புதன் இரவுச் சாப்பாட்டில் இருந்து பெரிய சனி மத்தியானம் வரை, பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் இருப்பேன் என்றேன். நான்காம் நாள் பிள்ளை கண் திறந்தாள். கஞ்சி கேட்டாள்.

இப்போது கோயிலில் உயிர்ப்புப் பூசை சனி இரவில்தான். என் தகப்பன், எங்கள் அப்பு, பழைய கணக்கில் சனி மத்தியானமே தவசை முடித்துத் தண்ணீர் குடிப்பார். நானும் அந்தக் கணக்கில்தான் நேர்ந்தேன்.

எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் இருக்கிறது. நேர்த்தியை வெளியில் சொல்லக்கூடாது. மனைவிக்கும் சொல்லக்கூடாது. சொன்னால் அது ஆண்டவருக்குக் கொடுத்ததாகாது, ஊருக்குக் காட்டினதாகும். அப்பு அப்படித்தான் இருந்தார். அதனால் நானும் வாய் திறக்கவில்லை. அந்த முதல் வருடம் வீட்டில் கேட்டபோது கோயிலில் கஞ்சி குடித்தேன் என்றேன். கோயிலில் கேட்டபோது வீட்டில் சாப்பிட்டேன் என்றேன். பரிசுத்த வாரத்தில் தினமும் இரண்டு பொய். அது எனக்குப் பொய்யாகவே தெரியவில்லை. அதுதான் என் குருட்டுத்தனம்.

புதன் இரவு சாப்பிட்டேன். வியாழன் முழுக்க ஒன்றுமில்லை. வியாழன் காலமை களப்புக்கும் போய் வந்தேன். சித்திரை வெயில் எங்கள் பக்கம் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். வெள்ளி காலை நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. எச்சில் விழுங்க எச்சில் இல்லை. ஆனாலும் உள்ளுக்குள் ஒரு சந்தோசம். பிள்ளை உயிரோடு இருக்கிறாள், நான் கடனைச் செலுத்துகிறேன் என்று.

சிலுவைப் பாதை எட்டு மணிக்குத் தொடங்கியது. சிலுவை பாலை மரம். ஆறு பேர் தூக்க வேண்டும். நான் முன்னுக்கு. சூடான மணல் ஒழுங்கையில் நிலைக்கு நிலை நின்று நின்று போனோம். பதினோராம் நிலையில் கண் இருண்டது. கால் மடிந்தது. சிலுவையின் அடி என் காலில் இறங்கியது. எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது.

உழவு மெசினின் இழுவைப் பெட்டியில் வைக்கோல் போட்டுக் கிடத்திக் கொண்டுபோனார்கள். குண்டும் குழியுமான பாதை. ஒவ்வொரு பள்ளத்துக்கும் நான் கத்தினேன். யோக்கீன் என் காலைத் தன் மடியில் வைத்திருந்தான். அவனுக்கு அழுகை வந்தால் பகிடி விடுவான்.

“அத்தான், இயேசு மூண்டு தரம் விழுந்தவர். நீங்கள் ஒரு தரத்தோட அலுவலை முடிச்சிட்டீங்கள்,” என்றான்.

நான் சிரிக்கவில்லை. அவன் கண்ணில் தண்ணீர் நின்றது.

ஆசுப்பத்திரியில் காலுக்கு மட்டை வைத்துக் கட்டினார்கள். எலும்பை மறுநாள் காலையில்தான் நிமிர்த்தலாம் என்றார் டொக்டர். அதுவரைக்கும் நோவுக்கு மருந்து வேண்டும். சண்டையால் பாதை பூட்டிக் கிடந்த அந்தக் காலம் வன்னிக்குள் மருந்து வருவது எப்படி என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. பலமான நோ ஊசி முடிந்துவிட்டது. அலுமாரியில் இருந்தது வேறு மருந்து. வீக்கத்தையும் நோவையும் சேர்த்துக் குறைப்பது. டைக்குளோபினாக் என்று மிஸ்ஸி சொன்னார். சேலைனில் கலந்து நரம்பில் ஏற்ற வேண்டும். இரண்டு குப்பிதான் மிச்சம்.

மிஸ்ஸி ஒரு குப்பியைத் தட்டில் வைத்துக்கொண்டு வந்தார். எனக்கு அந்தக் குப்பியைக் கண்டதும் நற்கருணையைக் கண்ட மாதிரி இருந்தது. அப்படி நோ.

ஆனால் அவர் ஊசியை எடுக்கவில்லை. கேள்வி கேட்கத் தொடங்கினார்.

வயிற்றில் புண் இருக்கிறதா, இரத்தமாகச் சத்தி எடுத்ததுண்டா, இழுப்பு வருத்தம் உண்டா, குளிசை ஏதும் போட்டால் உடம்பு தடிக்குமா, இன்றைக்கு நோவுக்கு வேறு குளிசை விழுங்கினதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். எல்லாவற்றுக்கும் இல்லை என்றேன். அது உண்மை.

பிறகு கேட்டார்.

“தண்ணி வென்னி குடிச்சனீங்களோ?”

“ஓம்.”

“எப்ப?”

“காலமை.”

“சலம் எப்ப போனது?”

“காலமை.”

என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். என் உதடு வெடித்திருந்தது. அதைப் பார்த்தார். மூத்திரம் பிடிக்கிற ஒரு போத்தலை எடுத்துக் கட்டிலில் வைத்தார்.

“இப்ப கொஞ்சம் போய்க் காட்டுங்கோ அண்ணை. சலத்தைக் காணாமல் நான் இதைப் போடமாட்டன்.”

திரேசம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. மனுசன் கால் முறிந்து துடிக்குது, உங்களுக்குச் சலமோ பெரிசு என்று கேட்டாள். மிஸ்ஸி சத்தம் போடவில்லை. அவளையும் யோக்கீனையும் வெளி விறாந்தைக்கு அனுப்பினார். ஒரு சீலையைக் கட்டிலுக்கு முன்னால் இழுத்துவிட்டுப் போனார்.

நான் முயன்றேன். ஒரு துளியும் வரவில்லை. வியாழன் காலையோடு எனக்குச் சலம் போகவில்லை. அதை நான் பெரிதாக எடுக்கவும் இல்லை.

இப்போது யோசித்துப் பாருங்கள். உண்மையைச் சொன்னால் நேர்த்தி போச்சு. சொல்லாவிட்டால் மருந்து இல்லை. கால் நெருப்பாக எரிகிறது. நான் கண்ணை மூடிக்கொண்டு செபித்தேன். ஆண்டவரே, நோவை எடும், நேர்த்தியையும் காப்பாற்றும், இரண்டும் வேண்டும் என்றேன். கண்ணைத் திறந்தேன். சீலைக்கு அந்தப் பக்கம் நல்லதம்பி அண்ணை இருமுகிற சத்தம் கேட்டது.

சாத்தான்தான் எனக்கு அந்த யோசனையைத் தந்தான் என்று கனகாலம் நினைத்தேன். இப்போது அப்படியும் சொல்ல மனம் வரவில்லை.

சீலையை விலக்கி, ஒரு உதவி வேணும் அண்ணை என்றேன். போத்தலை நீட்டினேன். அவருக்கு விளங்க கொஞ்ச நேரம் பிடித்தது.

“தம்பி, என்னட்ட மாடு கேட்டிருக்கினம், விதை நெல்லுக் கேட்டிருக்கினம். இதைக் கேட்டது நீதான் முதல் ஆள்,” என்றார்.

“மிஸ்ஸி மருந்து போடமாட்டன் எண்டு நிக்கிறா. எனக்கு வருகுதில்லை.”

“எனக்கு அதுதான் நிக்குதில்லை. கொண்டா.”

நிறைத்துத் தந்துவிட்டார். எங்கள் இருவருக்கும் பள்ளிக்கூடத்தில் பழம் களவெடுத்த பொடியள் போலச் சிரிப்பு. எனக்கு அந்த நோவிலும் சிரிப்பு.

மிஸ்ஸி வந்தார். திரேசம்மாவும் யோக்கீனும் பின்னால் வந்தார்கள். போத்தலை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தார் மிஸ்ஸி. நிறம் வெளிறி நன்றாக இருந்தது. முகம் மாறியது. சரி என்று தலையை ஆட்டினார். ஊசிக் குழலை எடுத்தார். குப்பியின் கழுத்தை உடைக்க அரத்தை வைத்தார்.

அந்த நேரத்தில் நான் மனதுக்குள் சொன்னேன். ஆண்டவரே, அவவின் கையைப் பிடியும். கெதியாகப் போடச் செய்யும்.

ஆண்டவர் கையைப் பிடித்தார்! ஆனால் நான் கேட்ட பக்கத்துக்கு அல்ல.

மிஸ்ஸியின் கை நின்றது. அரத்தைத் தட்டில் வைத்தார். குப்பியையும் வைத்தார்.

“எதுக்கும் ஒருக்கால் சோதிச்சிட்டு வாறன்,” என்றார்.

ஏன் நின்றார்? பிறகு நான் அவரிடமே கேட்டேன். தனக்கும் சரியாகத் தெரியாது என்றார். ஸ்பிரிற் தட்டுப்பாடு. விளக்குக் கொளுத்திச் சோதிப்பது முக்கியமானவர்களுக்கு மட்டும் என்று அப்போது வைத்திருந்தார்களாம். கால் முறிந்த ஆளுக்கு அது தேவையில்லை. வெடித்த உதடும் தெளிந்த சலமும் ஒன்றோடொன்று பொருந்தவில்லை, அதுதான் மனம் கேட்கவில்லை என்றார்.

வாட்டின் கடைசியில் மேசை. நான் கட்டிலில் கிடந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணாடிக் குழாயில் நீலத் தண்ணீர் விட்டார். சலத்தில் எட்டுத் துளி விட்டார். ஸ்பிரிற் விளக்கில் பிடித்துச் சூடாக்கினார். நீலம் பச்சையானது. பச்சை மஞ்சளானது. மஞ்சள் செங்கல் நிறமானது.

குழாயைக் கையில் பிடித்தபடியே வந்தார்.

“அண்ணை, உங்களுக்குச் சீனி வருத்தம் எப்ப தொடக்கம்?”

திரேசம்மாதான் சொன்னாள்.

“இவருக்கோ? சீனி கிடைச்சால்தானே மிஸ்ஸி வருத்தம் வர. ஆறு மாசமாப் பனங்கட்டியைக் கடிச்சுத்தான் தேத்தண்ணி குடிக்கிறம்.”

மிஸ்ஸி குழாயைப் பார்த்தார். பிறகு பக்கத்துக் கட்டிலைப் பார்த்தார். நல்லதம்பி அண்ணை சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். தோள் குலுங்கியது.

“இந்த நிறத்தை நான் காலமையும் கண்டனான்,” என்றார் மிஸ்ஸி. “ஐயா, ரெண்டு கட்டிலுக்கும் நீங்கள் ஒரு ஆள்தானோ?”

நல்லதம்பி அண்ணைக்குச் சீனி வருத்தம். பன்னிரண்டு வருடமாக. காலில் ஆறாத புண்ணும் அதனால்தான். எனக்கு அது தெரியாது. அவருக்கும் அந்த நேரம் அது நினைவில் வரவில்லை.

வாட்டில் சிரிப்பு எழும்பியது. மிஸ்ஸி சிரிக்கவில்லை. அவருடைய முகம் வெளிறிப்போய் இருந்தது.

“நான் உங்கட உயிரையோ கேட்டனான்? சலத்தைத்தானே கேட்டனான். இப்ப உண்மையைச் சொல்லுங்கோ. கடைசியாத் தண்ணி எப்ப குடிச்சனீங்கள்?”

திரேசம்மா என்னைப் பார்த்தாள். யோக்கீன் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன். அப்புவின் முகம் கண்ணில் வந்தது. பிறகு மகளின் முகம் வந்தது.

“புதன் இரவு,” என்றேன்.

நேர்த்தியைச் சொன்னேன். எல்லோருக்கும் கேட்கச் சொன்னேன். சொல்லி முடிய, ஆண்டவர் என்னைக் கைவிட்டுவிட்டார் என்று நினைத்தேன். நாற்பது மணித்தியாலம் தவசு இருந்தும் கடைசியில் வாயைத் திறந்துவிட்டேனே. திரேசம்மா என் நெஞ்சில் இரண்டு தரம் குத்தினாள். பிறகு அதே நெஞ்சில் முகத்தை வைத்து அழுதாள்.

டொக்டர் ஓடி வந்தார். என் கைத் தோலைக் கிள்ளிப் பார்த்தார். தோல் மடிந்தபடி நின்றது. பிறசர் பார்த்தார். குறைவு. இரண்டாந்தரமும் பார்த்தார்.

அவர் சொன்னதை நான் இன்றைக்கும் அப்படியே வைத்திருக்கிறேன்.

“உடம்பில தண்ணி இருந்தால் இது மருந்து. காய்ஞ்சு கிடக்கிற உடம்பில ஏத்தினால் கிட்னிக்குப் போற இரத்தத்தைக் குறைச்சுப்போடும். கிட்னி நிண்டால் இரத்தம் கழுவுற மெசின் இஞ்ச இல்லை. வவுனியா தாண்டி அனுப்ப வேணும். பாதை பூட்டு.”

அவ்வளவுதான் சொன்னார்.

என் பிள்ளைகள் நான்கு பேர். றெஜினாதான் மூத்தவள். நான் கேட்டு எடுத்த பிள்ளையைத் தகப்பன் இல்லாமல் விடப் பார்த்தேன். அதுவும் ஆண்டவருக்கு என்று சொல்லி.

இனித் தண்ணீர் குடிக்க வேண்டும் என்றாள் திரேசம்மா. செம்பைக் கொண்டுவந்தாள். வாய்க்குக் கிட்டப் பிடித்தாள். நான் உதட்டை இறுக்கிவிட்டேன். சொன்னதால் பாதி போனது. மிச்சப் பாதியையும் என் கையால் உடைக்க மனம் வரவில்லை. பிள்ளைக்கு ஏதும் ஆகிவிடுமோ என்ற பயம். இதை மூடத்தனம் என்று நீங்கள் சொல்லலாம். எலும்பு முறிந்து கிடக்கிற தகப்பனுக்கு அது அப்படித் தெரியாது. அவள் கெஞ்சினாள். நான் முகத்தைத் திருப்பினேன். உள்ளுக்குள் ஒரே செபம். ஆண்டவரே, வழி காட்டும். எனக்கு வழி தெரியவில்லை.

மிஸ்ஸி சைவர். நெற்றியில் சின்னத் திருநீற்றுக் கீற்று. செம்பைத் திரேசம்மாவின் கையில் இருந்து மெல்ல வாங்கி மேசையில் வைத்தார்.

“அண்ணை, என்னெண்டு நேர்ந்தனீங்கள்? அந்தச் சொல்லை அப்படியே சொல்லுங்கோ.”

“பச்சைத் தண்ணி பல்லில படாமல் எண்டு.”

“பல்லில படக்கூடாது. அவ்வளவுதானே?”

“ஓம்.”

“அப்ப நான் உங்கட கை நரம்பால ஏத்துறன். அது பல்லுக்குக் கிட்டவும் வராது.”

சேலைன் போத்தலைத் தூக்கிக் காட்டினார். நான் அதைப் பார்த்தேன். உப்புத் தண்ணீர். கண்ணாடி போலத் தெளிந்து தொங்கியது. என் உடம்பெல்லாம் மயிர்க்கூச்செறிந்தது.

அது போதாதென்று டொக்டர் பேனையை எடுத்தார். நாளைக்குக் காலமை மயக்கம் தந்து எலும்பு நிமிர்த்துகிறது, அது முடியும்வரைக்கும் வாயால் ஒன்றும் கொடுக்கக்கூடாது என்று துண்டில் எழுதினார். வாசித்தும் காட்டினார்.

வாயால் ஒன்றும் வேண்டாம். டொக்டரின் கட்டளை!

நல்லதம்பி அண்ணை இந்தப் பக்கம் திரும்பினார்.

“தம்பி, உன்ர ஆண்டவர் டொக்டரிட்டயும் கதைச்சுப்போட்டார்,” என்றார்.

அப்போதுதான் நான் அழுதேன். கண்ணீர் வரவில்லை. வரத் தண்ணீர் இல்லை. ஆனால் அழுதேன்.

முதல் போத்தல் வேகமாக ஏறியது. இரண்டாவது ஏறியது. காலை உயர்த்தி வைத்தார்கள். ஈரத் துணி போட்டார்கள். நோ இருந்தது. மருந்து இல்லாமல் அந்த நோவோடு கிடக்க வேண்டியிருந்தது. மூன்று மணி. நான்கு மணி. கோயிலில் சிலுவை முத்தி செய்கிற நேரம். நான் கட்டிலில் கிடந்து இயேசுவின் காயங்களை ஒவ்வொன்றாக எண்ணிச் செபித்தேன். நோவை எடும் என்று கேட்கவில்லை. சலத்தைத் தாரும் என்று கேட்டேன். வாழ்நாளில் அப்படி ஒரு செபம் நான் செய்ததில்லை. நீங்களும் செய்திருக்கமாட்டீர்கள்.

“என்ர உதவி வேணுமெண்டால் சொல்லு,” என்றார் நல்லதம்பி அண்ணை.

“நீங்கள் பேசாமல் படுங்கோ,” என்றாள் திரேசம்மா. ஆனால் சிரித்துவிட்டாள். மத்தியானத்துக்குப் பிறகு அதுதான் அவளுடைய முதல் சிரிப்பு.

ஐந்து மணிக்கு வந்தது. கொஞ்சம். கடும் சாயத் தேத்தண்ணி நிறம். மிஸ்ஸி அளவுக் கண்ணாடியில் விட்டுக் கண்ணுக்கு நேரே பிடித்தார். காணாது, இது போதாது என்றார். மூன்றாவது போத்தல் கொழுவினார்.

ஆறரைக்குத் திரும்ப வந்தது. இந்தமுறை நிறம் தெளிந்திருந்தது. நிறைய வந்தது. யோக்கீன் போத்தலை வாங்கித் தன் கையால் தூக்கிக்கொண்டு மேசைக்கு ஓடினான். பெரிய மீன் பிடித்தவன் போல ஓடினான். டொக்டர் வந்து பிறசர் பார்த்தார். ஏறியிருக்கிறது, இனிப் போடலாம் என்றார்.

ஏழு மணிக்கு மிஸ்ஸி அந்தக் குப்பியை உடைத்தார். ஊசியை நேராகக் குத்திவிட்டுப் போகவில்லை. சேலைனில் கலந்தார். கையில் மணிக்கூட்டைப் பிடித்துக்கொண்டு துளி எண்ணினார். மெல்ல மெல்ல விட்டார். ஒரு கதிரையை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் இருந்தார். தோல் கடித்துச் சொறியச் சொல்கிறதா, நெஞ்சு இறுகுகிறதா, மூச்சுக் கஷ்டமா, வயிறு எரிகிறதா என்று இடைக்கிடை கேட்டார். ஒரு நேரம் போதும், தேவையில்லாமல் இரண்டாவதைப் போடமாட்டேன் என்றார். ஊசி ஏறுகிறபோது கடையில் வாங்கிய நோ குளிசையையும் சேர்த்து விழுங்கக்கூடாது என்று திரேசம்மாவுக்குச் சொன்னார். அவள் மடியில் இரண்டு குளிசை முடிந்து வைத்திருந்தாள். எடுத்துக் கொடுத்தாள்.

நோ போனது. வத்துக்கடல் போல, கால் விரலில் இருந்து மெல்ல இறங்கிப் போனது. ஒரு மணித்தியாலத்தில் என்னால் மூச்சை முழுதாக இழுக்க முடிந்தது. காலையில் இருந்து நான் அரை மூச்சோடு கிடந்தேன் என்பது அப்போதுதான் தெரிந்தது.

நான் கேட்டது இரண்டு. இரண்டும் கிடைத்தது. நான் களவாக எடுக்கப் பார்த்ததை அவர் நேர்வழியில் தந்தார். அந்தப் போத்தலைச் சோதிக்காமல் விட்டிருந்தால் என்ன? நல்லதம்பி அண்ணைக்குச் சீனி வருத்தம் இல்லாதிருந்தால் என்ன? என் பொய்யின் உள்ளுக்கே உண்மையை வைத்து, அதைச் செங்கல் நிறத்தில் எல்லோருக்கும் காட்டினார் என் ஆண்டவர்!

சனி காலை எலும்பை நிமிர்த்திக் கட்டினார்கள். பதினொரு மணிக்கு மயக்கம் முழுதாகத் தெளிந்தது. மிஸ்ஸி ஒரு கோப்பைத் தண்ணீரோடு வந்து நின்றார். தரவில்லை. மணிக்கூட்டைப் பார்த்தபடி நின்றார். அவருக்கு வேறு ஆயிரம் வேலை. பிறகு வந்தார். திரும்பப் பார்த்தார்.

“பன்னிரண்டு அஞ்சு. உங்கட அப்புவின்ர கணக்குச் சரியோ?” என்றார்.

“சரி மிஸ்ஸி.”

“ஒரு வாய்தான் முதல். மெல்ல.”

குடித்தேன். அந்தத் தண்ணீரின் ருசியை எழுத எனக்குத் தெரியாது.

மூன்று கிழமை கழித்துக் கோயிலுக்குத் தடி ஊன்றிப் போனேன். பங்குச் சுவாமியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நேர்த்தியை வெளியில் சொன்னது குற்றமா என்று கேட்டேன். உயிரைக் காக்கச் சொன்னது காட்டுவதற்குச் சொன்னதாகாது என்றார். பொய்க்குப் பாவசங்கீர்த்தனம் செய்யச் சொன்னார். மிச்ச இரண்டு வருடத்துக்கும் தண்ணீர் இல்லாத் தவசை மாற்றித் தந்தார். நேர்த்தியை மாற்றலாம் என்று எனக்கு அதுவரை தெரியாது. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

மாற்றித் தந்தது இது. எங்கள் குடியிருப்பில் யாரையும் ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோனால் நான் கூடப் போக வேண்டும். மருந்து ஏற்றுவதற்கு முன் அந்த ஆள் எதையும் மறைக்காமல் சொல்ல வைக்க வேண்டும். வயிற்றுப் புண்ணை, இழுப்பை, கர்ப்பத்தை, நாட்டு மருந்தை, கள்ளை, தவசை. எங்கள் சனம் மறைக்கும். வெட்கத்தில் மறைக்கும். பயத்தில் மறைக்கும். என்னைப் போலப் பக்தியிலும் மறைக்கும். நான் கட்டில் பக்கத்தில் நின்று என் கதையைச் சொல்லுவேன். போத்தல் கதை வந்ததும் சிரிப்பார்கள். சிரித்த பிறகு உண்மையைச் சொல்லுவார்கள்.

ஒரு கிழவர் இரண்டு கிழமையாகக் கறுப்பாக வெளிக்குப் போவதை அப்படித்தான் சொன்னார். டொக்டர் அந்த மருந்தை வைத்துவிட்டு வேறு மருந்து எடுத்தார். ஒரு பிள்ளைத்தாய்ச்சி மாமிக்குத் தெரியாத தன் மூன்று மாதத்தைச் சொன்னாள். நானும் மிஸ்ஸியும் மட்டும் கேட்டோம். நான் ஒருவருக்கும் சொல்லவில்லை.

இரண்டு வருடம் முடிந்துவிட்டது. நான் நிறுத்தவில்லை. கால் கொஞ்சம் வளைவுதான். மழைக்கு நோகும். அந்த நோவுக்குக் குளிசை எடுக்க முதல் ஒரு செம்பு தண்ணீர் குடிப்பேன், சாப்பாடும் சாப்பிடுவேன்.

இதை வாசிக்கிற சகோதரங்களே, உங்களுக்கும் என் கால் நோவைப் போல ஒரு நெருப்பு இருக்கும். ஆண்டவரிடம் கேளுங்கள். துணிந்து கேளுங்கள். அவர் தருவார், நான் கண்டேன். ஆனால் அவர் அனுப்புகிற ஆள் வெள்ளை உடுப்போடு வந்து கேள்வி கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். அந்தக் கேள்வியும் அவருடையதுதான். பயமாக இருந்தால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். சைக்கிளில் வந்துவிடுவேன்.

தொண்ணூற்றெட்டு வைகாசியில் இருந்து இன்றுவரை நான் கூடப் போய், மறைக்காமல் சொல்லி, வீட்டுக்கு உயிரோடு திரும்பி வந்தவர்கள்:

நாற்பத்தொரு பேர்.